தகரம் அடித்த தலைவர்

அவர் வீட்டில் மூன்று வாக்யூம் கிளீனர்கள் இருந்தன. கம்பளம் ஒன்றுகூடக் கிடையாது. மூன்றும் வாசலில் வந்து நின்றவர்களிடம் வாங்கியவை. முதல் ஆள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றான், வாங்கினார். இரண்டாவது ஆள் தனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதாகச் சொன்னான், வாங்கினார். மூன்றாவது ஆளிடம் "ஏற்கெனவே ரெண்டு கீதுப்பா" என்று சொன்னவர், அதை நிரூபிப்பதற்காக உள்ளே கூட்டிப்போய்க் காட்டி, காபி கொடுத்து, பேச்சு வளர்ந்து, அதையும் வாங்கினார். அதற்குப் பிறகு மணி அடித்தால் அவர் மனைவிதான் கதவைத் திறப்பார். "அவர் வீட்ல இல்லைங்க" என்று அந்த அம்மாள் சொல்லி முடிப்பதற்குள், லுங்கியை மடித்துக் கட்டியபடி "யாரும்மா அது?" என்று இவர் பின்னால் வந்து நிற்பார்.

ஒரு மனிதன் எதிரில் நின்று கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. நல்ல குணம்தான். அந்த நல்ல குணத்தை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் என்ன செய்தோம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

பெயரைச் சொல்லவில்லை. அவர் இப்போது புனேவில் மகன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். இதைப் படித்தால் வருத்தப்படுவார். வருத்தப்பட்டால் ரயில் ஏறி நேரில் வந்துவிடுவார், அதை நான் தாங்கமாட்டேன். தலைவர் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பட்டத்தைக் கொடுத்தவனும் நான்தான்.

அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் அரக்கோணம் பக்கமிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு, லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்கு வந்தவர். இவர் பிறந்து வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். நாச்சாரத்தில் பீரோ செய்யும் ஃபாக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்று, ஏ.எஸ்.ராவ் நகருக்குப் பக்கத்தில் எங்கள் காலனியில் வீடு கட்டிக்கொண்டார். ஒரு வாக்கியத்துக்குள் மூன்று மொழி பேசுவார். "நக்கோ சார், கைக்கு டென்ஷன்? நாம கீறோம்ல" என்று, 'வேண்டாம், எதுக்கு' என்பதை இந்த ஊர் உருதுவில் சொல்லி அவர் தோளில் கை போட்டால், எதற்காக டென்ஷனானோம் என்பதே மறந்துவிடும்.

நான் திருநெல்வேலிக்காரன். இங்கே பெரிய அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் இன்ஜினியர் வேலைக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இன்ஜினியர் என்றுதான் பேர். நான் ஸ்குரூ டிரைவரைத் தொட்டதைவிடப் பேனாவைத் தொட்டதுதான் அதிகம். தங்கள் கடிதம் கிடைத்தது, தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்று எழுதி எழுதியே பதவி உயர்வு வாங்கி ஓய்வு பெற்றேன். எதிரில் ஆள் இல்லாத சமயத்தில் இல்லை என்று சொல்வதில் என்னை மிஞ்ச அந்த ஃபாக்டரியில் ஆள் கிடையாது. தலைவருக்கு இல்லாத ஒரே சாமர்த்தியம் அது. எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதில் ஆச்சரியமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருடமாக இந்தக் காலனியில் எனக்கு 'அரவ சார்' என்று பெயர். தெலுங்கில் தமிழனை அப்படித்தான் சொல்வார்கள், தப்பாக ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நாள் பார்க்கில் நாலு பேர் நடுவில் தலைவர் என்னை இழுத்து அணைத்து, "இவரு நம்ம ஆளு" என்று தெலுங்கில் அறிவித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவருக்கு எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தேன். எழுதியும் கொடுத்தேன்.

அவர் தலைவரானது எல்லையில் சண்டை வரப்போகிறது என்று டிவிக்காரர்கள் அலறிக்கொண்டிருந்த சமயம். காலனிச் சங்கத் தேர்தல் கூட்டம். அப்போதைய தலைவர் நல்ல மனிதர், சம்ப் கழுவுவதைப் பற்றி அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். இவர் எழுந்தார். நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த ஒரு வரியை மட்டும் சொன்னார். "எல்லையில ஒருத்தன் தூங்காம நிக்கிறான். நாம இங்க கேட்டைத் தொறந்து போட்டுட்டுத் தூங்கறோம்." சொல்லிவிட்டு அழுதார். நிஜமாகவே அழுதார். அந்தச் சிப்பாய்க்கும் எங்கள் கேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பலத்த கைதட்டல். என் வரிக்கு நானே தட்டினேன்.

சைனிக்புரியிலிருந்து விருந்தினராக வந்திருந்த ரிட்டயர்டு கர்னல் ஒருவர் மட்டும் போகும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார், "உங்க காலனிக்கு எதிரி யாரு?"

"இன்னும் முடிவு பண்ணல சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் நகைச்சுவையாகப் பேசியதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கேட்டுக்கு மூவர்ணம் அடித்தோம். ஓய்வு பெற்றவர்களுக்கு முறை வைத்துக் காவல், ஆளுக்கு ஒரு விசில். தலைவரின் மகன் இரண்டு வாக்கி டாக்கி வாங்கி அனுப்பினான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாலு வீடுதான். சத்தமாகக் கூப்பிட்டாலே கேட்கும். ஆனாலும் வாக்கி டாக்கியில் "ஓவர்" என்று சொல்லும்போது எனக்கு ஏதோ வயது குறைந்த மாதிரி இருந்தது.

பிறகு ஊரடங்கு வந்தது. எதிரி கிடைத்துவிட்டான், ஆனால் கண்ணுக்குத் தெரியாதவனாக இருந்தான். கண்ணுக்குத் தெரியாதவனை எந்த கேட்டில் நிறுத்துவது? கண்ணுக்குத் தெரிகிறவர்களை நிறுத்தத் தொடங்கினோம். முதலில் வீட்டு வேலை செய்பவர்கள். இஸ்திரி போடும் அம்மா வண்டியை வெளியே கொண்டுபோக வேண்டும் என்று இரண்டாவது நோட்டீஸ். மூன்றாவது, பழ வண்டிக்காரர்.

அந்தப் பழ வண்டிக்காரர் பன்னிரண்டு வருடமாக எங்களுக்குப் பழம் போட்டவர். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. எங்கோ யாரோ பழத்தில் எச்சில் தடவுகிறானாம். வீடியோவில் இருந்தவனுக்கும் எங்கள் ஆளுக்கும் மதம் ஒன்று, அதைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. குரூப் கொதித்தது. தலைவர் என் வீட்டுக்கு வந்தார்.

"நேர்ல சொல்ல எனக்கு ஆவாது சார். அவன் என் பொண்ணு கல்யாணத்துக்கு வாழைத்தாரு கொண்டாந்தவன். நீங்க எழுதுங்க."

எழுதினேன். அறிமுகமற்ற வியாபாரிகள் உள்ளே வர அனுமதி இல்லை, மூன்று மொழியில். அந்த மனிதரின் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதுவரை காலனிக்கே தெரியும். ஆனாலும் 'அறிமுகமற்ற' என்ற சொல் அந்த இடத்தில் கம்பீரமாக உட்கார்ந்தது, எடுக்க மனம் வரவில்லை. பழக்காரர் வாட்ச்மேனிடம் நோட்டீஸைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "இது யாரைச் சொல்லுது?" என்று உருதுவில் விசாரித்தார். வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். வண்டி கண்ணைவிட்டு மறையும்வரை தலைவர் சமையலறையில் நின்றிருந்தார் என்று அவர் மனைவி பிறகு சொன்னார். ஒரு வாரம் பழமே தொடவில்லையாம். மனசாட்சி உள்ள மனிதர் என்று அதை அப்போது எனக்கு நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் காலனியின் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு காலி மனை. அதில் எட்டுக் குடிசைகள். இஸ்திரி அம்மாவும் அவள் பெண்ணும் அங்கேதான் இருந்தார்கள். நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாலமூருப் பக்கத்து ஆட்கள். இருபது வருடமாக அந்த எட்டு வீட்டுக்கும் தண்ணீர், எங்கள் பார்க் ஓரத்துக் குழாயிலிருந்துதான். கேட்டைச் சாத்தினால் அவர்களுக்குத் தண்ணீர் இல்லை. இது எனக்குத் தெரியும், தலைவருக்குத் தெரியும், காலனிக்கே தெரியும். ஆனால் நோட்டீஸில் கேட் என்றுதான் போட்டிருந்தோம், தண்ணீர் என்று போடவில்லை.

இஸ்திரி அம்மா குடத்தோடு வந்து கம்பிக்கு வெளியே நின்றாள். அன்று காவல் முறை தலைவருக்கு. திறந்துவிட்டார். மறுநாளும் அவரே. மறுநாளும். நாலு நாள் திறந்துவிட்டார். குரூப்பில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். தலைவரே சட்டத்தை மீறலாமா, ஓட்டுப் போட்டது இதற்குத்தானா? ஐந்தாம் நாள் என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

"மொகத்தைப் பாத்தா என்னால முடியாது சார். தகரம் அடிச்சிடலாம்."

"தகரமா?"

"ஹவ் சார், ஆமா. கம்பி கேட்டுல ஆளு தெரியுது. ஆளு தெரிஞ்சா தொறந்துடறேன். தெரியலேன்னா தொறக்கமாட்டேன்ல?"

கல் நெஞ்சுக்காரனுக்குத் தகரம் தேவைப்படாது. பழைய ஃபாக்டரி கோடவுனிலிருந்து பீரோவுக்கு வெட்டிவைத்த தகடுகள் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் ஸ்குரூ முடுக்க, நான் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்ஜினியராக நான் செய்த கடைசி வேலை அதுதான்.

மறுநாள் காவல் முறை எனக்கு. தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. ஆறு தமிழ் வீடுகளுக்குத் துணி தேய்த்துத் தேய்த்து அந்த அம்மாவுக்குத் தமிழ் வரும்.

"சார், நீங்களா சார்? ரெண்டு பிந்தெ சாலு சார், ரெண்டே குடம். பொண்ணுக்குக் கொழந்த பொறந்து பத்து நாளு ஆச்சு கதா. மெயின் ரோட்டுல டேங்கர் வருது. போனா போலீஸ் அடிக்குது சார்."

குழாய் எனக்குப் பின்னால் முப்பது அடியில் இருந்தது. சொட்டிக்கொண்டும் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எழுதிக் குடும்மா. கமிட்டியில வைக்கிறேன்."

எழுதப் படிக்கத் தெரியாதவளிடம் எழுத்துமூலமாகக் கேட்ட மகான் நான். ஆனால் அவள் விடவில்லை. மறுநாள் தகரத்துக்கு அடியில் ஒரு நோட்டுத்தாள் நுழைந்தது. யாரையோ பிடித்துத் தெலுங்கில் எழுதி வாங்கியிருந்தாள். காலையில் ஒரு மணி நேரம் குழாயைத் திறந்துவிடவும், நாங்கள் உள்ளே வரமாட்டோம், நீங்களே பிடித்து வெளியே வைத்தால் போதும். எங்கள் நோட்டீஸ்களைவிடத் தெளிவாக இருந்தது.

பார்க்கில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுக் கமிட்டி கூடியது. நான் தாளைப் பிரித்தேன்.

"யாரு குடுத்ததுன்னு சொல்லாதீங்க சார்" என்றார் தலைவர் அவசரமாக. "சும்மா ஒரு விண்ணப்பம்னு சொல்லுங்க."

"ஒரு விண்ணப்பம்" என்றேன்.

"நக்கோ" என்றார்கள் மற்றவர்கள். தலைவர் புல்லைப் பார்த்தபடி தலையாட்டினார்.

நான் கம்ப்யூட்டரில் பதில் தயாரித்தேன். தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம். தெலுங்குக்கு என் மனைவியைத்தான் உதவி கேட்டேன். அவளுக்கு இந்த ஊர்த் தெலுங்கு நன்றாக வரும்.

அவள் வாசித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்தாள். "தண்ணி கேட்டவளுக்குக் கடுதாசி குடுக்கியளோ?" என்றாள். "இதை அவ குடிக்கவா, கொழந்தையைக் குளிப்பாட்டவா?"

நான் ஆங்கிலத்திலேயே அடித்து, தகரத்துக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அதற்கு மூன்றாம் நாள் குரூப்பில் ஒரு தகவல். காலி மனையில் துணி காய்கிறது, பாத்திரம் கழுவிய ஈரம் தெரிகிறது. மாடியிலிருந்து யாரோ படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அப்படியென்றால் உள்ளேயிருந்து யாரோ தண்ணீர் தருகிறார்கள். அன்று நான் எழுதிய நோட்டீஸ்தான் என் எழுத்திலேயே உச்சம். உள்ளிருந்தபடியே நம் எல்லையைப் பலவீனப்படுத்தும் துரோகி யார் என்று தொடங்கி ஒரு பக்கம். எழுபது பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

துரோகியைப் பிடிக்கத் தலைவரும் நானும் வாக்கி டாக்கியோடு கிளம்பினோம். பின்சுவரை ஒட்டிய வீடு வீடாகக் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தோம். அந்த வரிசையில் ஆறாவது வீடு என்னுடையது. வீட்டுக்காரன் என்ற முறையில் நானே கதவைத் திறந்து தலைவரை உள்ளே அழைத்துப் போனேன்.

என் மனைவி ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தாள். துணி துவைக்கும் கல்லோரத்துக் குழாயிலிருந்து பச்சை ஹோஸ் பைப் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. சுவருக்கு மேலே இஸ்திரி அம்மாவின் முகம். கல்லின் மேல் ஏறி நின்றிருக்கிறாள்.

"மூணு நாளா நடக்கு" என்றாள் என் மனைவி என்னைப் பார்த்து. "உங்க நோட்டீஸ் எல்லாத்தையும் வாசிச்சுக்கிட்டுதான் புடிக்கேன்."

நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரி அம்மா, "நமஸ்தே சார், பாகுன்னாரா?" என்று நலம் விசாரித்தாள். அவ்வளவுதான். வாக்கி டாக்கியைக் கல்லின் மேல் வைத்தார், ஹோஸை வாங்கினார். "தங்கச்சி, நீங்க எறங்குங்க, கால் வலிக்கும்" என்றபடி ஸ்டூலில் ஏறிக்கொண்டார். பெண் எப்படி இருக்கிறாள், குழந்தை பால் குடிக்கிறதா, பேர் வைத்தாயிற்றா என்று எல்லாம் கேட்டார். எட்டு வீட்டுக் குடங்களும் நிரம்பும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். நான் குழாயை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டேன். அந்த அரை மணி நேரம் எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

சாயங்காலம் ஒரு தாளோடு வந்தார். பின்சுவருக்கு மேலே நாலடி உயரத்துக்குத் தகரம். சுவர் என் வீட்டுச் சுவர் என்பதால் என் சம்மதக் கையெழுத்து வேண்டும். கையெழுத்து இல்லாமல் யார் சுவரையும் தொடக்கூடாது என்ற விதியை எழுதியவனும் நான்தான்.

"நாளைக்கும் நான் அங்க வந்தா மறுபடி பைப்பைப் புடிப்பேன் சார்" என்றார். கண் கலங்கியிருந்தது. "குரூப்புல என்னை நம்பி இத்தினி பேரு கீறாங்க. நீங்க நம்ம ஆளு. நீங்கதான் என்னைக் காப்பாத்தணும்."

முப்பது வருடம் காகிதத்தில் இல்லை என்று எழுதியவனுக்கு, எதிரில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் அதைச் சொல்லப் பழக்கமில்லை. கையெழுத்துப் போட்டேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு என் மனைவி என்னோடு பேசவில்லை. மறுநாள் தகரம் ஏறியதும் இரண்டு குடங்களைத் தூக்கிக்கொண்டு அவளே கேட்டுக்குப் போனாள். பாஸ் இல்லாமல் யாரும் வெளியே போகக்கூடாது என்ற என் நோட்டீஸின் ஏழாவது விதியைக் காட்டி வாட்ச்மேன் திருப்பி அனுப்பினான்.

நாலாம் நாள் காலை, பால் வண்டிக்காகக் கேட்டைத் திறந்தபோது வெளியே தரையில் ஒரு பழைய பெட்ஷீட் விரித்திருந்தது. அதன்மேல் வரிசையாகத் துணி மூட்டைகள். ஊரடங்குக்கு முந்தின வாரம் காலனியில் தேய்க்கக் கொடுத்திருந்தவை. எல்லாம் தேய்த்து மடித்து, வீட்டுக்கு ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். காலி மனையில் எட்டுக் குடிசையும் இல்லை. விடியும்போதே பாலமூருக்கு நடந்து கிளம்பிவிட்டார்கள் என்றான் வாட்ச்மேன். குழந்தையோடுதான்.

தலைவர் தன் மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து ஓடிப்போய் ஸ்கூட்டரை எடுத்தார், முன்னால் இரண்டு கேன் தண்ணீர். "ஏறுங்க சார், தூரம் போயிருக்கமாட்டாங்க, கூட்டியாந்துடலாம்" என்றார். நானும் ஏறினேன். நாச்சாரம் தாண்டிப் பெரிய சாலையில் ஏறும் இடத்தில் போலீஸ் மறித்தது. நான் கம்பீரமாகப் பாஸை நீட்டினேன். எங்கள் காலனிப் பாஸ், மூவர்ணத்தில், கீழே என் கையெழுத்து.

கான்ஸ்டபிள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ஏமிடி சார் இதி?" என்றார். என்ன இது என்று அவருக்கு என்னால் விளக்க முடியவில்லை. திரும்பிப் போகச் சொன்னார். நல்ல வெயில், அவர் உதடு வெடித்திருந்தது. கேனைப் பார்த்துக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார்.

தலைவர் அந்த முகத்தைப் பார்த்தார். ஒரு கேனைத் திறந்து ஊற்றினார். மற்ற கான்ஸ்டபிள்களும் வந்தார்கள். அவர்களுக்கும் ஊற்றினார். எந்த ஊர், எத்தனை நாளாக வீட்டுக்குப் போகவில்லை, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுக்கொண்டே ஊற்றினார். இரண்டு கேனும் காலியாயின. திரும்பி வரும் வழியில், "பாவம் சார், அவங்களும் மனுசங்கதான? இப்போ மனசு லேசா கீது" என்றார். உண்மையில் அவர் முகம் தெளிந்திருந்தது. யாரைத் தேடிக் கிளம்பினோம் என்று நானும் நினைவுபடுத்தவில்லை. அவர் நிம்மதியில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தால் நல்லது என்று இருந்தது.

வீட்டில் என் மனைவி எங்கள் மூட்டையை அவிழ்த்துக் கட்டிலில் அடுக்கியிருந்தாள். என் சட்டைகள் ஆறு. காலர் விறைப்பாக, கைமடிப்பு கத்தி போல. ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே, நாலு நாள் கழித்து என்னோடு பேசினாள்.

"தண்ணி தெளிக்காமத் துணி தேய்க்க முடியாதுல்லா? இத்தனை துணிக்குத் தெளிக்க அவளுக்குத் தண்ணி எங்க கெடச்சிருக்கும்?"

மறுநாள் கேட்டில் காவல் முறை எனக்கு. அந்த ஆறு சட்டைகளில் ஒன்றைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.